வலது பக்கம்

“இடது பக்கம் நான் உக்கார மாட்டேன். எனக்கு வலது பக்கம்தான்” என்றாள் பாகீரதி.

மும்பை மாட்டுங்கா கோயில் வாசலில் புது காருக்குப் பூஜை முடிந்து, நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்தாகிவிட்டது. பின்னால் டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன. வேங்கடசுப்ரமணியன் முன்பக்கத்து இடது கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.

“என்னடி இது, திடீர்னு?”

“திடீர்னு இல்லை, ன்னா. நான் என்ன சொல்ல வரேன்னா...”

“புரியறது, புரியறது.”

அவருக்கு எல்லாமே புரிந்துவிடும். அவரோடு இருப்பதில் உள்ள கஷ்டமே அதுதான். அணுசக்தி நகர் ஆபீசில் ஃபைலைத் திறப்பதற்கு முன்பே குறிப்பு எழுதத் தொடங்குகிற மனிதர். இப்போதும் புரிந்துவிட்டது. நல்ல காரியத்தில் ஆத்துக்காரி புருஷனுக்கு வலது பக்கம்தானே உட்காருவாள்? கல்யாண ஹோமம் முதல் அப்படித்தான். பாகீரதி சாஸ்திரம் பார்க்கிறாள். ஆனால் ஸ்டீரிங் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்கு வலது பக்கம் என்றால், அவள் கதவுக்கு வெளியே தொங்கிக்கொண்டுதான் வர வேண்டும்.

“பின் சீட்ல வலது ஓரமா உக்காந்துக்கோ. சாஸ்திரத்துக்கும் ஆச்சு” என்றார்.

பாகீரதி அவரை ஒரு பார்வை பார்த்தாள். பின்கதவைத் திறந்து ஏறி, அறைந்து சாத்தினாள்.

வண்டி என்னவோ இமயமலைக்குப் புறப்பட்ட தோரணையில் இருந்தது. சுற்றிலும் கறுப்புப் பிளாஸ்டிக் கவசம், முன்பக்கம் அடிவயிற்றில் வெள்ளித் தகடு, கூரையில் இரண்டு கம்பிகள். அந்தக் கம்பியில் ஒரு பையைக்கூடக் கட்டக்கூடாது, சும்மா அழகுக்குத்தான் என்று ஷோரூம்காரனே சொல்லிவிட்டான். முரட்டு மீசை வைத்த சாதுவான குட்டிக் கார் அது. தேர்ந்தெடுத்தவள் பாகீரதி. சீட் உயரம், ரோடு நன்றாகத் தெரிகிறது என்றாள். அவருக்கு அதில் ஏக சந்தோஷம். மகள் வந்தனா பெங்களூருக்குப் போனபின் வீட்டில் இரண்டே பேர். ஞாயிற்றுக்கிழமைகளில் இவளைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு எங்கேயாவது போக வேண்டும். ஓய்வுபெறப் போகிற வயதில் அவர் ஓட்டக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான்.

சயான் சிக்னலில் ஒருவன் பெட்டியோடு வந்து, ஷேர் டாக்ஸி என்று நினைத்து, காலியாயிருந்த இடது ஜன்னலில் தலையை நீட்டினான்.

“குர்லா சலோகே க்யா?”

வேங்கடசுப்ரமணியன் வாயைத் திறப்பதற்குள் பின் சீட்டிலிருந்து பதில் வந்தது.

“ஷேரிங் நஹீ ஹை, பய்யா.”



வீட்டுக்கு வந்ததும் சாஸ்திரிகளுக்கு ஃபோன் போட்டார்.

“மாமா, கார்ல ஆத்துக்காரி எந்தப் பக்கம் உக்காரணும்?”

“ஹோமம்னா வலது. ஆசீர்வாதம்னா இடது. கார்னா...” சாஸ்திரிகள் யோசித்தார். “பேசாம டிரைவர் வெச்சுக்கோங்கோ. ரெண்டு பேரும் பின்னாடி உக்காருங்கோ, மாமி வலது, நீங்க இடது. அவனுக்கு சாஸ்திரம் கிடையாது.”

தாராவியிலிருந்து பேச்சிராஜா டிரைவராக வந்தான். வந்த முதல் நாளே கியருக்குப் பக்கத்திலிருந்த திருகைக் கண்டுபிடித்துவிட்டான்.

“சார், இதுல பனி, மணலு, சேறுன்னு போட்டிருக்கு. எதுல வைக்கட்டும்?”

“எதுலயும் வேண்டாம்ப்பா. செம்பூர் மார்க்கெட்தானே போறோம்.”

“மழ பேஞ்சு கெடக்கு சார். சேத்துல வைக்கேன்.”

வைத்தான். கார் உறுமிக்கொண்டு கத்தரிக்காய் வாங்கப் போனது. பாகீரதி இரண்டு முன் சீட்டுக்கும் நடுவே தலையை நீட்டி, அவன் கையையும் காலையுமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஸ்பீட் பிரேக்கர் வரது. ரெண்டாவது கியருக்கு வாப்பா!”

“பயப்படாதேடி” என்று அவள் கையைத் தட்டிக்கொடுத்தார் வேங்கடசுப்ரமணியன்.

“எனக்கா பயம்? நான் என்ன சொல்ல வரேன்னா...”

“புரியறது, புரியறது.”

பாகீரதி கையை இழுத்துக்கொண்டாள். “எனக்கு இந்தக் காரே வேண்டாம். இனிமே நான் ரிக்‌ஷாலயே போயிக்கறேன்” என்றாள்.

சொன்னபடியே ரிக்‌ஷாவில் போனாள். பேச்சிராஜாவை நிறுத்தியாயிற்று. வேங்கடசுப்ரமணியன் ஒருநாள் மாலை காரில் தனியாகப் போய் உட்கார்ந்தார். இடது சீட்டின் பிளாஸ்டிக் உறைகூட இன்னும் பிரிக்கப்படவில்லை. அவருக்குத் துக்கமாக இருந்தது. வெள்ளத்தில் போகும், மேட்டில் ஏறும் என்று எதையெல்லாமோ பார்த்து வாங்கியும், ஒரு மனுஷியைப் பக்கத்தில் உட்காரவைக்க முடியவில்லையே! கார் விற்பனைக்கு என்று சொசைட்டி வாட்ஸாப்பில் போட்டுவிட்டார். பாகீரதி அதைப் படித்தாள். ஃபோனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அழைப்பு மணி அடித்தது. வாசலில் ஓர் இளம்பெண்.

“அங்கிள், நான் ஜுவைரியா. கார் பாக்க வந்தேன்.”

அதற்குள் ஆள் வந்துவிட்டதே என்று அவருக்கு வருத்தம். ஆனாலும் கீழே கூட்டிப்போய் ஒவ்வொன்றாகக் காட்டினார். மழைத்தண்ணீரில் தட்டாத உயரம், பின்னால் பார்க்கும் கேமரா, திருகு.

“மேட்டுல பிரேக்கை விட்டாலும் பின்னாடி உருளாதும்மா. தானே பிடிச்சுக்கும்.”

“சூப்பர் அங்கிள். டெஸ்ட்ல அங்கதானே பாதிப் பேரு ஃபெயில் ஆகுறாங்க.”

எதற்கு இதைச் சொல்கிறாள் என்று புரியாவிட்டாலும் அவர் தலையாட்டினார். வலது கதவைத் திறந்துவிட்டு, “ஸ்டீரிங்கைப் பிடிச்சுப் பாருங்கோ” என்றார்.

அவளோ சுற்றிக்கொண்டு போய் இடது பக்கம் ஏறினாள். பிளாஸ்டிக் உறையோடு உட்கார்ந்து பெல்ட்டையும் மாட்டிக்கொண்டாள்.

“வாங்கறவா நீங்க. அந்தப் பக்கம் உக்காந்தா எப்படி?”

ஜுவைரியா சிரித்தாள்.

“வாங்க வரலை அங்கிள், நான் டிரைவிங் ஸ்கூல் டீச்சர், எனக்கு எப்பவும் இடது பக்கம்தான், லைசென்ஸ் எடுத்துட்டு உங்ககிட்ட சொல்ல முடியாம உக்காந்திருக்காங்களே ஆண்ட்டி, அவங்களுக்குத்தான் வலது பக்கம்.”