சாம்பல் தூவிப் போனவர்

இரண்டு வாரத்துக்கு வரவேண்டிய சாம்பல் நான்கே நாளில் தீர்ந்துபோயிருந்தது. சினோவியா காலி வாளியை மறுபடி கவிழ்த்துப் பார்த்தாள்.

தோட்டத்து மூலையில், பேரிக்காய் மரத்துக்குப் பக்கத்தில் அந்த உரக் கழிப்பறையைக் கட்டிய கணவன் நிக்கிஃபோர் வசந்தத்தில் இறந்துவிட்டான். இப்போது வீட்டில் அவள் ஒருத்திதான். போய் முடித்ததும் இரண்டு கை சாம்பல் தூவவேண்டும். ஒரு வருஷத்தில் மக்கி உருளைக்கிழங்குக்கு உரமாகிவிடும். எட்டிப் பார்த்தாள். ஒருத்தி மட்டும் போகிற குழி அளவுக்கு மீறி நிறைந்திருந்தது.

வாளியில் புதுச் சாம்பல் நிரப்பி உள்ளே வைத்து, கதவுக்குப் பூட்டு போட்டாள்.

மறுநாள் காலை, மூடுபனி. பூட்டு அப்படியே தொங்கியது. படியருகே தரையில் சின்னதாய் ஒரு குவியல். அதன்மேல் ஓரம் பிசகாமல் சாம்பல். வாளியோ பூட்டுக்கு உள்ளே இருந்தது.

அவ்வளவு சுத்தமாகத் தூவ நிக்கிஃபோருக்குத்தான் வரும்.

பாதிரியார் யெரெமியாவிடம் ஓடினாள்.

"சாமி, செத்துப்போனவங்களுக்கு... வயித்துக்கு வருமா?"

பாதிரியாரின் முகம் வெளுத்தது. "ஆன்மாவை வழிமறிக்கக் கூடாதும்மா. மொதல்ல பூட்டை எடு."

"அதுபாட்டுக்கு வந்து போகட்டுமா?"

"உனக்கென்ன நஷ்டம்? உரந்தானே கூடுது."

அவளுக்கு மனம் ஆறவில்லை. புனித நீர் கேட்டு வாங்கி, பூட்டை எடுத்துவிட்டு, ஜாடி முழுவதையும் குழியில் கொட்டினாள். உலர்ந்திருக்க வேண்டியது கூழாகிவிட்டது. நாற்றம் தெருக்கோடி வரை போனது. பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னல்களைச் சாத்தினார்கள்.

மறுநாள் விடிந்ததும் கழிப்பறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. யாரோ இருமினார்கள்.

"என்னங்க?" என்றாள்.

இருமல் நின்றது. பிறகு சாம்பல் விழும் சத்தம். சரக். சரக்.

"அங்கேயும் வயிறு சரியில்லையா?"

உள்ளிருந்து மெல்ல, "ம்."

சினோவியா அழுதுவிட்டாள். ஓடிப்போய்ப் பாலாடைக்கட்டி அப்பம் நான்கு சுட்டுப் படியில் வைத்துவிட்டு வந்தாள். திரும்பிப் போனபோது கதவு திறந்து கிடந்தது. தட்டு காலி.

அதன்பின் தினமும் அப்பம் வைத்தாள். மாடு கன்று போட்டதையும் கூரை ஒழுகுவதையும் கதவிடம் சொன்னாள். உள்ளிருந்து "ம்" வரும். ஆறு மாதத்தில் முதல்முறையாக நன்றாகத் தூங்கினாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், கணவனுக்காக ஒரு ஜெபம் வைக்கச் சொல்ல பாதிரியார் வீட்டுக்குப் போனாள். அவர் மனைவி எவ்லாம்பியா மட்டும் இருந்தாள்.

"செத்தும் அவரு தினமும் தவறாம அந்தக் கழிப்பறைக்கு வந்துட்டுப் போறாரும்மா. தட்டுல ஒரு துண்டு மிச்சம் வைக்கிறதில்ல," என்றாள் சினோவியா கண்ணைத் துடைத்துக்கொண்டு.

எவ்லாம்பியா தலையில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ அக்கா, கோடை முழுக்க உங்க பேரிக்காயைத் திருடித் தின்னது எங்க வீட்டுக்காரரு, வாய்விட்டுச் சொல்ல வெக்கப்பட்டு, தின்னதை உங்க குழியிலயே திருப்பிக் குடுத்துட்டிருக்காரு!"