மாதா போத்தலுக்குள் மீன்மகள் சோடா

உலகத்தில் மிச்சமிருந்த கடைசி மீன்மகள் சோடா வலன்ரைனிடம்தான் இருந்தது. அவனைக் கேட்டால் அப்படித்தான் சொல்வான். மட்டக்களப்பில் அந்தச் சோடாக் கொம்பனியை இழுத்து மூடி ஒரு வருசமாகிவிட்டது. சமாதான காலமென்று ஊருக்குப் போய்வந்த கூட்டாளி விமலநாதன், ஏதோ ஒரு கடையின் பின்னறையில் கிடந்த ஒரேயொரு கிறீம் சோடாவைச் சாரத்தில் சுற்றி, கடல் கடந்து இந்தக் குளிர் ஊரான லாசால் வரைக்கும் கொண்டுவந்து கொடுத்திருந்தான்.

ஆனால் வலன்ரைனுக்குச் சீனி வருத்தம். வெள்ளிக்கிழமை இரத்தம் சோதிக்க வேண்டும். மனைவி றோசலின் கண்டால் சோடா நேரே சிங்குக்குள்தான். சோதனை முடியும்வரை ஒளிப்பது, முடிந்த கையோடு குடிப்பது என்று முடிவு கட்டினான்.

எங்கே ஒளிப்பது? பல்கனியில் வைத்தால் தை மாதக் குளிருக்கு உறைந்து வெடிக்கும். குசினியோ அவளுடைய இராச்சியம். கடைசியில் சுரூபத்தட்டில் நின்ற மாதா போத்தல் கண்ணில் பட்டது. மாதாவின் உருவத்தில் செய்த பிளாஸ்ரிக் போத்தல். தலையிலிருக்கும் நீலக் கிரீடம்தான் மூடி, உள்ளே கோயில் தீர்த்தம். தீர்த்தத்தை யார் குடிக்கப் போகிறார்கள்? அதைப் பயபக்தியோடு கறிவேப்பிலைச் செடிச் சாடிக்கு ஊற்றினான். "மன்னியும் தாயே" என்று சோடாவை உள்ளே இறக்கினான். இரண்டும் ஒரே நிறம். மூளையென்றால் இதுவல்லோ மூளை!

திங்கள் பின்னேரம் செபமாலை முடிய, றோசலின் மாதா போத்தலைத் திறந்தாள். அது 'உஸ்' என்றது. வலன்ரைன் பலமாக இருமினான். அவள் வீட்டு மூலைகளுக்குத் தெளித்துவிட்டு மூடி வைத்தாள்.

செவ்வாயிலிருந்து அவளுக்குப் பக்தி முற்றிவிட்டது. "உங்கட சீனி இறங்க வேணும். குனியுங்க" என்று ஒவ்வொரு பின்னேரமும் செபம் முடியப் புருசன் தலையில் கைநிறைய ஊற்றினாள். அவனுக்கு வயிறு எரிந்தது. தடுக்கவும் முடியவில்லை, சொல்லவும் முடியவில்லை. மீசையில் வழிந்ததையாவது விடக்கூடாதென்று நாக்கை நீட்டி நக்கினான். ஆகா! காஸ் போனாலும் அதே ருசி, அதே வாசம். கண் கலங்கிவிட்டது. அவன் பக்தியை றோசலின் வாய்பொத்திப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வெள்ளிக்கிழமை கிளினிக்கால் வந்தவன், சப்பாத்தையும் கழற்றாமல் ஓடி மாதா போத்தலை வாயில் கவிழ்த்தான். பச்சைத் தண்ணி.

"அது தீர்த்தமப்பா," என்றாள் பின்னால் நின்ற றோசலின். "உஸ் எண்டு சத்தம் கேட்டவுடன விளங்கிட்டு. செவ்வாய்க்கிழமை காலம்பறயே நானும் பக்கத்து வீட்டு ஜெகதீஸ்வரியும் சோடாவைக் குடிச்சிட்டு, கோயிலுக்குப் போய்ப் புதுசா நிரப்பினனான்."

"அப்ப என்ர மீசையில இனிச்சது?"

"அதைத்தான் நானும் மூண்டு நாளா யோசிக்கிறன்."

அவன் முகம் செத்துப்போனதைப் பார்க்க அவளுக்கு மனம் கேட்கவில்லை. ஃபிறிஜ்ஜுக்குள்ளிருந்து, சோசரால் மூடிய சின்னக் கிளாஸ் ஒன்றை எடுத்து நீட்டினாள். டொக்ரரிடம் கேட்டு, இரண்டு வாய் அளவு அவனுக்கென்று மிச்சம் பிடித்திருந்தாள். இவளையா ஏமாற்றப் பார்த்தேன் என்று வலன்ரைனுக்கு வெட்கமாக இருந்தது. கண்ணை மூடிக் குடித்தான். அசல் மீன்மகள். வெறும் சீனித்தண்ணி மாதிரித்தான் இருந்தது.

கிளாஸைக் கழுவி வைத்துவிட்டு, மெதுவாகக் கேட்டான்:

"றோசலின், இண்டைக்குச் செபம் எத்தினை மணிக்கு?"