சர்வர் மாமா கேட்ட அஞ்சு நிமிஷம்

தன் வீட்டு ஃபேன் எத்தனை மணிக்குச் சுற்றுகிறது என்பதைப் பரம ரகசியமாகக் காத்த ஒரே மனிதர், இந்த மயிலாப்பூரிலேயே எங்கள் சர்வர் மாமாதான். ஹோட்டலில் வேலை பார்த்தவர் இல்லை. லைட், ஃபேன், வாசல் கேமரா எல்லாவற்றையும் வெளிக் கம்பெனி எதற்கும் தெரியாமல் ஆட்டிவைக்க, சர்வர் என்று ஒரு கறுப்புப் பெட்டியைத் தானே தயாரித்து வீட்டில் வைத்திருந்தார். அதை வாட்ச்மேனுக்குப் புரியவைக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டார்.

“எங்காத்துல சொந்தமா சர்வர் இருக்குப்பா.”

“அப்போ காபி டேபிளுக்கே வந்துடும். குடுத்து வச்சவரு சார் நீ.”

அன்று ஒட்டிக்கொண்ட பெயர்.

நான் எதிர் ஃபிளாட். கைபேசியால் திறக்கும் கதவுப் பூட்டு ஒன்றை வாங்கி அவரிடம் பெருமையடித்தேன்.

“இது யாரைக் கேட்டுண்டு திறக்கும்?”

“கம்பெனி சர்வரை, மாமா. எங்கயோ வெளிநாட்டுல இருக்கு.”

“உன் ஆத்துக்குள்ள நீ போக அவன் உத்தரவு குடுக்கணுமா? நன்னாயிருக்குடா.”

ஒரு வாரம் என் உயிரை எடுத்தார். கம்பெனி தயவில்லாமலும் திறக்கும்படி பூட்டைத் தன் பெட்டியோடும் இணைத்த பிறகுதான் விட்டார்.

அந்தப் பெட்டிக்கு வருடத்தில் ஒரு நாள் லீவு. சரஸ்வதி பூஜையன்று ஒயரைப் பிடுங்கி, சந்தனம் குங்குமம் இட்டு, புத்தகங்களோடு அடுக்கிவிடுவார். மறுநாள் விஜயதசமிவரை யாரும் தொடக்கூடாது. மாமி அன்று ஒரு நாள்தான் சுவிட்சைக் கையால் போட்டு நிம்மதியாக இருப்பார்.

அப்படியொரு பூஜையன்று காலையில், என் மனைவி சுண்டலோடு மாடிக்குப் போயிருந்தாள். நான் மாவிலை கட்ட வாசலுக்கு வந்தேன். கதவு தானாகச் சாத்திப் பூட்டிக்கொண்டது. உள்ளே நாலு வயது மகள், அடுப்பில் பாயசத்துக்குப் பால். உள்பக்கக் குமிழ் அவளுக்கு எட்டாது. கைபேசியை அழுத்தினால், ‘சேவை தற்காலிகமாக இல்லை’ என்கிறது. அவசரச் சாவி பீரோவுக்குள் வெகு பத்திரமாக இருந்தது.

“அப்பா, பால் பொங்குது. நான் போய் அணைக்கட்டா?”

“வேணாம்டா கண்ணு. கதவுகிட்டயே நில்லு.” தோளால் கதவை இடித்தேன்.

சத்தம் கேட்டு மாமா எட்டிப் பார்த்தார். என்னைப் பார்த்தார், திரும்பிப் பூஜையைப் பார்த்தார். “மாமா...” என்று ஆரம்பித்தேன். அதற்குள் புத்தகங்களுக்கு அடியிலிருந்து பெட்டியை உருவிவிட்டார்.

“அம்மா சரஸ்வதி, ஒரு அஞ்சு நிமிஷம்.” கன்னத்தில் போட்டுக்கொண்டே ஒயரைச் செருகினார். கையெல்லாம் குங்குமம்.

பெட்டிக்கு உயிர் வந்ததும் கைபேசியை மறுபடி அழுத்தினேன். ‘டக்’ என்று என் வீட்டுக் கதவு திறந்தது. அப்பாடா! ஓடிப்போய் அடுப்பை அணைத்து, மகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். ‘அன்னிக்கே சொன்னேனே’ என்று ஆரம்பிப்பார் என்று பயந்தேன். “குழந்தைக்கு ஒண்ணுமில்லையே?” என்று மட்டும் கேட்டுவிட்டு, பெட்டியை மறுபடி அடுக்கப் போய்விட்டார்.

மாமா இப்போது அடையாறில், மகன் வீட்டில். எதிர் ஃபிளாட்டில் அவர் இல்லாதது எனக்கு இன்னும் பழகவில்லை. போகும்போது எனக்கும் ஒரு பெட்டி தயாரித்துக் கொடுத்துவிட்டுத்தான் போனார். இந்த வருடப் பூஜைக்கு அதற்கும் சந்தனம், குங்குமம் இட்டேன். ஒயரைப் பிடுங்க மட்டும் கை வரவில்லை. தப்போ என்று அவருக்கே போன் போட்டேன்.

“பிடுங்காதே. உனக்காக சரஸ்வதிகிட்ட நான் அன்னிக்கே சொல்லி வச்சுட்டேன்,” என்றார்.