மல்லிகை மணத்த பொய்

லிஃப்ட்காரர் தன் ஐம்பத்தோரு வயதுக்குள் மூன்று சபதம் எடுத்திருந்தார். நீச்சல் கற்றுக்கொள்வது முதல் சபதம். இடுப்பளவுத் தண்ணீரிலேயே அது மூழ்கிப்போனது. மைத்துனரோடு இனிமேல் சண்டை போடுவதில்லை என்பது இரண்டாவது. மைத்துனர் வாயைத் திறக்கும்வரை அது தாக்குப்பிடித்தது. மூன்றாவதை ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், மனைவியின் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு எடுத்தார்.

"உன் மூக்கை நான் மீட்டுத் தர்றேன்" என்றார்.

கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அன்றைக்கு அந்த வீட்டில் சிரிக்கிற நிலையில் யாரும் இல்லை.

அவர் வேலை லிஃப்ட் பழுது பார்ப்பது. மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. வந்த காய்ச்சல் சும்மா போகாமல் அவள் மூக்கிலிருந்த வாசனையையும் கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டது. சோப்பும் வெங்காயமும் அவளுக்கு ஒன்றாகிப்போனது. முதலில் வேடிக்கையாகத்தான் எடுத்துக்கொண்டாள். "நல்லதாப் போச்சு. உங்க சாக்ஸை இனிமே தைரியமா துவைக்கலாம்" என்று கேலிகூடச் செய்தாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை, ஒரு பல் டாக்டருக்குத் தைத்த வெள்ளைக் கோட்டின்மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு, திரும்பி உட்கார்ந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாள். துணி கருகி, சூடு மேசைவரை இறங்கியும் அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிட வந்த லிஃப்ட்காரர் வாசலிலேயே மோப்பம் பிடித்து, செருப்போடு உள்ளே பாய்ந்து பிளக்கைப் பிடுங்கினார்.

கோட்டின் முதுகில் இஸ்திரிப் பெட்டியின் அச்சு அப்படியே ஓட்டையாக விழுந்திருந்தது. அவள் அந்த ஓட்டைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"நான் தனியா இருக்கும்போது கேஸ் கசிஞ்சா என்னங்க பண்ணுவேன்?" என்றாள். பிறகு அழுதாள்.

இருபத்து மூன்று வருஷ தாம்பத்தியத்தில் அவள் அவரை அழவைத்தது உண்டு. அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. வாய் மட்டும் ஓடியது. அப்படித்தான் அந்தச் சபதம் பிறந்தது.

டாக்டர் சொன்ன வைத்தியம் எளிமையானது. "தினமும் விதவிதமான வாசனையை மோந்து பாக்கச் சொல்லுங்க. தூங்கற நரம்பு மெதுவா முழிச்சுக்கும். ரெண்டு மாசமும் ஆகலாம், ஆறு மாசமும் ஆகலாம். அவங்களுக்கு எந்த வாசனை ரொம்பப் பிடிக்கும்?"

லிஃப்ட்காரர் யோசிக்கவே இல்லை. அவளுக்கு இந்த உலகத்தில் இரண்டு பேர்மேல்தான் உயிர். ஒன்று அவர், இன்னொன்று காபி. வரிசை முன்பின்னாக இருக்கலாம்.

தெருமுனையில் ஓர் அக்கா சின்ன மெஷின் வைத்துக் காபிக்கொட்டை வறுத்து விற்றுக்கொண்டிருந்தார். லிஃப்ட்காரர் அங்கே போய் நின்றார்.

"அக்கா, நல்ல வாசனையா ஒரு காபித்தூள் குடுங்க."

"எந்த ஊர்க் கொட்டை?"

"கொட்டைக்கெல்லாம் ஊர் இருக்கா?"

"உங்களுக்கு இருக்குல்ல தம்பி? அதே மாதிரிதான். பொறந்த எடம் குணத்துல தெரியும். எத்தியோப்பியான்னா மல்லிகைப்பூவும் எலுமிச்சைத் தோலும். கென்யான்னா பழம் மாதிரி ஒரு துள்ளல் புளிப்பு. பிரேசில்னா வேர்க்கடலை, சாக்லேட். சுமத்ரான்னா ஈர மண்ணு."

"மண்ணையா குடிப்பாங்க?"

"குடிச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க. வறுப்பு எப்படி வேணும்? இளவறுப்பு, நடுவறுப்பு, கருவறுப்பு."

"கருவறுப்பா! ஐயோ வேணாங்க்கா. நான் குடும்பஸ்தன்."

அக்கா சிரிக்கவில்லை. தொழில் விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை. "இளசா வறுத்தா மலை பேசும் தம்பி. கருக வறுத்தா அடுப்பு மட்டும்தான் பேசும். எந்த தேசத்துக் கொட்டையானாலும் கரியாக்கிட்டா எல்லாத்துக்கும் ஒரே குரல்."

"எங்க வீட்டுலயும் அதே கதைதாங்க்கா. இருபத்து மூணு வருஷமா அவ வறுத்தெடுத்ததுல என் சொந்த ருசி எல்லாம் போயிடுச்சு. இப்ப நான் வாயைத் தொறந்தா அவ குரல்தான் வருது."

அதற்கு அக்கா சிரித்தார். எத்தியோப்பியா இளவறுப்பில் கால் கிலோ கட்டிக்கொடுத்து, பொட்டலத்தின்மேல் அதன் குணங்களையும் எழுதிக்கொடுத்தார்.

மறுநாளிலிருந்து காலை ஆறரை மணிக்கு லிஃப்ட்காரர் அடுப்படியை ஆக்கிரமித்தார். இரண்டு கோப்பை, பால் இல்லாமல், சர்க்கரை இல்லாமல். ஒன்றை மனைவியின் மூக்குக்கு நேரே நீட்டினார். எதிரே உட்கார்ந்து, பொட்டலத்தைப் பார்த்துப் படிக்க ஆரம்பித்தார்.

"இது எத்தியோப்பியா. ஆறாயிரம் அடி உசரத்துல வெளையுது. அங்க குளிரு. அதனால பழம் அவசரப்படாது. மெதுவா, உங்கண்ணன் குளிச்சுக் கெளம்பற மாதிரி பழுக்கும். மெதுவாப் பழுக்கறதுனால உள்ள இனிப்பும் புளிப்பும் சேந்துக்கிட்டே இருக்கும்."

"எங்கண்ணன்கிட்டயா?"

"பழத்துல! மல்லிகை வாசம் தெரியுதா?"

அவள் கண்ணை மூடி மோந்தாள். ஒரு வாய் குடித்தாள். "சுடுதண்ணி மாதிரி இருக்குங்க."

இரண்டாவது வாரம் கென்யா. "சுடுதண்ணிதாங்க." மூன்றாவது வாரம் சுமத்ரா. "கறுப்பு சுடுதண்ணி."

அவர் விடவில்லை. ஆனால் பொட்டலத்தில் எழுதியிருந்தது நாலே வரி. தினமும் அதையே படித்தால் அவருக்கே அலுத்தது. வாசனையே தெரியாதவளுக்கு ஈர மண் வாசனையை எப்படிப் புரியவைப்பது? ஒருநாள் தட்டுத்தடுமாறி, "அது வந்து... லிஃப்ட் குழி இருக்குல்ல, மழைக்காலத்துல அதுக்குள்ள எறங்கினா ஒரு வாசனை வரும். பயமா இருக்கும், ஆனா பிடிக்கும். அது மாதிரி" என்றார்.

அவள் கோப்பையிலிருந்து முகத்தைத் தூக்கினாள். "பயமா இருக்குமா? உங்களுக்கா?"

"முதல்ல எல்லாம் இருந்துச்சு."

"அப்புறம்?"

அந்த 'அப்புறம்'தான் அவரைக் கவிழ்த்தது. அதற்குப் பிறகு அவர் வாய் மூடவில்லை. பழைய மரப்பெட்டி வாசனை என்று ஆரம்பித்து, கல்யாணமான புதிதில் குடியிருந்த ஒற்றை அறையின் கதவு மூடாத அலமாரிக்குப் போனார். எலுமிச்சை என்று ஆரம்பித்து, நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் மூன்று மணி நேரம் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னார்.

"கூட ஒரு அம்மா. கையில ஒரு பை எலுமிச்சம்பழம். கரண்ட் இல்ல, காத்து இல்ல. பொட்டி முழுக்க எலுமிச்சை வாசம். அந்த அம்மா பயப்படக்கூடாதுன்னு நான் பாட்டுக்குப் பேசிக்கிட்டே இருக்கேன். மனசுக்குள்ள என்ன ஓடுதுன்னா, காலையில உன்கிட்ட குடையைக் காணோம்னு கத்திட்டு வந்தேனே, அதுதான் கடைசிப் பேச்சாப் போயிடுமோன்னு..."

"எப்ப நடந்துச்சு இது?"

"பன்னெண்டு வருஷம் இருக்கும்."

"அன்னிக்கு ஏன் லேட்டுன்னு கேட்டதுக்கு 'வேலை'ன்னு ஒத்தை வார்த்தை சொன்னீங்களே!"

"வேலைதானே அது?"

அவள் கோப்பையை மறுபடி மூக்கருகே கொண்டுபோனாள். "வாசனை ஏதாவது தெரியுதா?" என்று கேட்டார். "தெரியலீங்க. நீங்க சொல்லுங்க" என்றாள்.

வாரங்கள் ஓடின. அவள் பதில் மாறவில்லை. தெரியலீங்க, நீங்க சொல்லுங்க. ராத்திரி படுக்கையிலேயே நாளைக்கு என்ன சொல்வது என்று லிஃப்ட்காரர் ஒத்திகை பார்த்தார். தெருவில் போகிறபோது கண்ட கடைவாசலில் எல்லாம் நின்று மூக்கை நீட்டினார். தோல் செருப்புக் கடைக்காரர் அவரைத் திருடன் என்றே முடிவு கட்டிவிட்டார்.

பன்னிரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை, பச்சைக் கொட்டையை வாங்கிவந்து வீட்டு வாணலியிலேயே வறுக்கத் துணிந்தார். கொட்டை சூடேறி முதல்தடவை படபடவென்று வெடித்தால் இளவறுப்பு, அப்போது இறக்கிவிடுங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பியிருந்தார். லிஃப்ட்காரர் கரண்டியும் கையுமாகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். அந்த நேரம் பார்த்துக் கீழ்வீட்டு நர்ஸ், தன் வீட்டுக் கதவு கிறீச்சிடுகிறது, எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டு வந்தாள். கதவைப் பற்றி ஒரு மெக்கானிக்கிடம் கேட்டால் ஒரு வார்த்தையில் முடியுமா? வாசலிலேயே விளக்கம் நீண்டது.

உள்ளறையில், சாத்திய கதவுக்குப் பின்னால், ஓடுகிற மெஷின் சத்தத்துக்கு நடுவிலிருந்து ஒரு குரல் வந்தது.

"ஏங்க! கருகுது!"

ஓடிப்போய் அடுப்பை அணைத்தார். வாணலியில் எல்லாம் கரி. ஆனால் அவர் வாணலியைப் பார்க்கவில்லை. கதவைப் பார்த்தார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

மெஷின் நின்றது. கொஞ்சம் கழித்துப் பதில் வந்தது. "புகைங்க. கண்ணு எரிஞ்சுது."

கதவுக்கு அடியில்கூடப் புகை போயிருக்கவில்லை. லிஃப்ட்காரருக்கு மூக்கில் வேர்த்தது. அடி கள்ளி! வாசனை தெரிந்துகொண்டே தெரியவில்லை என்கிறாளா? எதற்காக? விடிந்தால் எழுந்து காபி போட ஓர் ஆள் கிடைத்தான் என்றா? கோபம் வரப் பார்த்தது. கூடவே, ஒருவேளை நிஜமாகவே கண்தான் எரிந்ததோ என்ற சந்தேகமும் வந்தது. கேட்டுவிடலாம்தான். அவள் மறுத்துவிட்டால் அதற்குமேல் கேட்க வாய் கிடையாது. ஆதாரம் வேண்டும்.

சாயங்காலம் காபிக்கொட்டைக் கடையில் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, பிரேசில் குடுங்க. இளவறுப்பா, அரைச்சே குடுங்க. வழக்கமா வாங்கற எத்தியோப்பியாவுக்கும் இதுக்கும் நிறம் ஒண்ணா இருக்கணும்."

"எதுக்கு தம்பி?"

"பிரேசிலைக் குடுத்துட்டு எத்தியோப்பியான்னு சொல்லப்போறேன். வேர்க்கடலையை நீட்டிட்டு மல்லிகைன்னு அளக்கப்போறேன். மூக்கு வேலை செஞ்சா சிரிப்பை அடக்க முடியாதுல்ல? சிரிச்சா, மாட்டினா!"

அக்கா குனிந்து மேசைக்கடியில் ரொம்ப நேரம் எதையோ தேடினார். நிமிர்ந்தபோது முகம் சிவந்திருந்தது. வயதானால் குனிந்து நிமிர்வது கஷ்டம்தான் என்று லிஃப்ட்காரர் பரிதாபப்பட்டார். அரைத்து வைக்கிறேன், ஒரு மணி நேரம் கழித்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அக்கா அவரை அனுப்பிவைத்தார்.

மறுநாள் காலை கோப்பையை நீட்டினார். அன்றைக்கு அவர் அளந்த அளப்பு அதற்கு முன்னால் அந்த வீட்டில் யாரும் அளக்காதது. மல்லிகைத் தோட்டம் என்றார். பனி என்றார். பூ பறிக்கும் பெண்கள், தூரத்தில் ஓர் எலுமிச்சை மரம், அதன்மேல் ஒரு குருவி. குருவி பொட்டலத்தில் இல்லை, அவரே சேர்த்தது.

அவள் கண்ணை மூடினாள். குடித்தாள். உதடு துடிக்கிறதா என்று அவர் குனிந்து பார்த்தார். துடிக்கவில்லை.

"தெரியலீங்க" என்றாள் மெதுவாக. "நீங்க சொல்ற தோட்டத்தைப் பாக்கணும்னு ஆசையா இருக்கு. ஆனா ஒண்ணும் தெரியலீங்க."

லிஃப்ட்காரர் உடைந்துபோனார். இவளையா சந்தேகப்பட்டோம்?

"என்னை மன்னிச்சுடும்மா. நான் ஒரு பாவி. உன்னைச் சோதிக்கணும்னு பொய் சொன்னேன். இது எத்தியோப்பியாவே இல்ல. பிரேசில். மல்லிகை, எலுமிச்சை, குருவி எல்லாமே பொய்."

"பொய்யா?"

"அத்தனையும் பொய்."

அவள் தன் கோப்பையை அவர் பக்கம் தள்ளினாள். "எங்க, நல்லாக் குடிச்சுப் பாத்துச் சொல்லுங்க. பிரேசில்னா என்ன தெரியணும்?"

அவர் குடித்தார். நாக்கைச் சப்புக்கொட்டினார். "வேர்க்கடலை. நல்லாவே தெரியுது. கடைசியில கொஞ்சம் சாக்லேட்."

"எத்தியோப்பியாங்க அது" என்றாள் அவள். "மல்லிகை மூக்கைத் தூக்குது. அக்கா நேத்தே எனக்கு போன் பண்ணிட்டாங்க. பொட்டலத்தை மாத்திக் குடுக்கச் சொன்னதே நான்தான்."

வாசனை போன மூக்கு ஒன்று, உடைபட்ட மூக்கு ஒன்று என்று அந்த வீட்டில் இரண்டு மூக்கு இருப்பதாக ஒரு கணம் அவர் நினைத்தார். எண்ணிப் பார்த்தால் இரண்டுமே அவருடையதுதான்.

"எப்பலேர்ந்து தெரியுது உனக்கு?" என்று கேட்டார். குரலில் கோபம் இருக்கட்டும் என்று முயன்றார். வரவில்லை.

"ஆறாவது வாரம். அந்த அம்மாவோட லிஃப்ட்ல மாட்டிக்கிட்ட கதை சொன்னீங்கல்ல, அன்னிக்கு. திடீர்னு கோப்பையிலேர்ந்து எலுமிச்சை வாசம் வந்துச்சு. கத்தணும்போல இருந்துச்சு. ஆனா நீங்க பாதிக் கதையில இருந்தீங்க. முடியட்டும்னு இருந்தேன். முடிச்சதும் நீங்க கேட்டப்ப, 'தெரியல'ன்னு வாயில வந்துடுச்சு. மறுநாள் வேற கதை ஆரம்பிச்சுட்டீங்க." அவள் கோப்பையின் விளிம்பைத் தடவிக்கொண்டே சொன்னாள். "இருபத்து மூணு வருஷமா காலையில நீங்க என்கிட்டக் கேட்டது ரெண்டே கேள்வி. சாவி எங்க, குடை எங்க. மூக்கு சரியாயிடுச்சுன்னு சொன்னா பழையபடி ஆயிடுவீங்களோன்னு பயம். அக்காகிட்டப் போயி, எந்தக் கொட்டையைக் குடுத்தா இவர் நிறையப் பேசுவாரோ அதாப் பாத்துக் குடுங்கன்னு சொல்லிவச்சேன்."

லிஃப்ட்காரருக்குப் பேச்சு வரவில்லை. மூன்று மாதத்தில் முதல் தடவை. ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பிப் போகும்வரை அவர் விரலை விடவில்லை.

"பைத்தியம்" என்றார் கடைசியில். "கேட்டிருந்தாப் பேசியிருக்க மாட்டேனா? இனிமே தெனமும் பேசறேன். இதே ஆறரை மணி. இதே மாதிரி உனக்கு என் கையால காபி போட்டு..."

"பேச்சு நீங்களே பேசுங்க" என்று அவள் அவசரமாக இடைமறித்தாள். "காபியை மட்டும் நாளையிலேர்ந்து நான் போட்டுக்கறேன். மூக்கும் நாக்கும் நல்லா இருக்கறவ, உங்க காபியை ஆறு வாரம் குடிச்சிருக்கேங்க!"