மருமகனின் கோல்ப் வண்டியும் வயல் பம்ப் காபரேட்டரும்

ஓட்டமாவடி,
வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பின்.

கண்ணியத்துக்குரிய மருமகன் மின்ஹாஜ் அவர்களுக்கு மாமா அசனார் ஸலாத்துடன் எழுதிக்கொள்வது. தோஹாவில் தாங்கள் தேக சுகத்தோடும் குளிர்ந்த ஏசியோடும் இருக்க துஆச் செய்கிறோம். இங்கு நான், உங்கள் மாமி ஹிதாயா, மகள் இன்ஷிரா, பேத்தி நிஸ்மியா எல்லோரும் அல்லாஹ்வின் கிருபையால் நலம். நலமில்லாதது வண்டி ஒன்றுதான். இதை போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனை எடுத்தால் இன்ஷிரா பக்கத்தில் நிற்கிறாள், மாமி கதவுக்குப் பின்னால் நிற்கிறார், மருமகனோடு மாமனார் சத்தம் போட்டுக் கதைப்பது நம் ஊரில் வழக்கமும் இல்லை. ஆகவே நாளை இரவு தோஹா திரும்பும் நம் தெரு அஹமட்டின் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கோபம் ஏதும் தென்பட்டால் அது பேனையின் குற்றம்.

போன லீவில் வந்தபோது, கல்குடாவில் மூடிக்கிடந்த ஒரு ஹோட்டலில் இருந்து அந்தப் பழைய பெற்றோல் கோல்ப் வண்டியை வாங்கி, லொறியில் ஏற்றி, வீட்டு முன்வாசலில் இறக்கி, "சின்னச் சின்னச் சாமான் மாத்தினாச் சரி மாமா. கடற்கரைக்கு வாற வெள்ளைக்காரர ஏத்தி இறக்கலாம். இது ஓடினா நான் தோஹாவ விட்டுட்டு வந்திருவன். ஓடாட்டித்தான் இன்னும் ரெண்டு வருசத்துக்கு கொன்ட்ராக்ட்ல கையெழுத்து வைப்பன்" என்று சொல்லிவிட்டு விமானம் ஏறினீர்கள். சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு, உங்கள் வீட்டில் உங்கள் வண்டி நிற்க நான் யார் கேட்பதற்கு? என் சைக்கிள் மழையில் நனைகிறது, அது பரவாயில்லை. அன்றிலிருந்து இன்ஷிரா என்னிடம் "சாப்பிட்டீங்களா வாப்பா" என்று கேட்பதில்லை, "வண்டிட பெல்ட் கிடைச்சா வாப்பா" என்றுதான் கேட்கிறாள். நிஸ்மியா காலையில் கண் விழித்ததும் வண்டிக்கு ஸலாம் சொல்கிறாள், அதுதான் வாப்பாவைக் கொண்டுவருமாம். இந்த மாதக் கடைசியில் நீங்கள் கையெழுத்து வைக்கும் நாள் வருகிறது. எனக்குச் சோறு இறங்குதில்ல மருமகன்.

சின்னச் சின்னச் சாமான் என்றீர்களே, அந்த வண்டியில் பெரிய சாமான் எது என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, எல்லாமே போயிருக்கிறது. முதலில் ஸ்டாட்டர். மட்டக்களப்பில் ஒரு ஸ்பெயார்ஸ் கடைக்குப் போனேன். "என்ன வாகனம் காக்கா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டான் கடைக்காரன். "கோல்ப் வண்டி" என்றேன். "அது என்ன செய்யும்?" "பந்தடிச்ச ஆள, பந்து கிடக்கிற இடத்துக்குக் கொண்டுபோகும்." "ஏன், அவருக்கு நடக்க ஏலாதா?" பிறகு, சாம்பிளைக் கொண்டு வரச் சொன்னான். திரும்பி வந்து, ஸ்டாட்டரைக் கழற்றி, சீலையில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, வேட்டியெல்லாம் கிறீஸ் பிரளக் கொண்டுபோய்க் கொடுத்தால், அவன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு "இது வராது காக்கா" என்கிறான். "அப்ப என்னத்துக்குக் கொண்டு வரச் சொன்ன?" என்று கேட்டேன். "நாங்களும் ஒருக்காப் பாக்கத்தானே" என்றான். அல்லாட காவல்! பக்கத்துக் கடைக்காரனையும் கூப்பிட்டுக் காட்டினான். காபரேட்டருக்காக இரண்டு பஸ் மாறிக் களுவாஞ்சிக்குடிக்குப் போனேன். அங்கே வயல் பம்ப் சாமான் விற்கும் வீரகத்தி நல்ல மனிசன், பிளேன்டீ தந்து, அளவு பார்த்து, ஒரு பம்ப் காபரேட்டரைத் தந்து, "பம்ப் ஒரே இடத்தில நிக்கிற சாமான் காக்கா. இது ஓடிச்செண்டா அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றும் சொல்லி அனுப்பினார்.

இதற்கிடையில் நீங்கள் அனுப்பிய பார்சல் வந்தது. பெல்ட் வந்துவிட்டது என்று இன்ஷிரா ஓடி வந்து பிரித்தாள். உள்ளே தேத்தண்ணீர்க் கோப்பை வைக்கும் தட்டும் ஸ்டியரிங் உறையும் இருந்தன. ஓடாத வண்டியில் தேத்தண்ணி வைக்க மேசை இல்லையா மருமகன்? இரண்டாவது பார்சலில் வந்தது பற்றறி வண்டிக்குப் போடும் சார்ஜர். நம்முடையது பெற்றோல் வண்டி. தாங்கள் படித்தவர், வெளிநாட்டில் இருப்பவர், நான் ஒன்றும் சொல்லவில்லை. மாமி மட்டும் கதவுக்குப் பின்னால் நின்று "இவருக்கு எந்த வண்டி வாங்கினதெண்டே நினைவில்லையா?" என்று கேட்டார், அதையும் நான் உங்களுக்குச் சொல்லவில்லை.

கடைசியில் வாழைச்சேனையில் படகு இன்ஜின் பார்க்கும் றிஸானைக் கூட்டி வந்தேன். "இது கரையில ஓடுற போட்தான் காக்கா, விடுங்க எனக்கிட்ட" என்று நெஞ்சில் தட்டினான். படகு பிளக்கைப் போட்டான், ஸ்டாட்டரைப் பிரித்து வேறு எதையோ சுற்றினான், அரிசி ஆலையில் இருந்து ஒரு பெல்ட்டை வெட்டி ஒட்டினான். நேற்று வண்டி உதைத்துக்கொண்டு கிளம்பியது. நிஸ்மியா கைதட்டினாள், மாமி பிஸ்மி சொன்னார். கேற்றைத் தாண்டவில்லை, பெல்ட் அறுந்து என் முதுகில் சாத்தியது. புகையில் அடுத்த வீட்டுக்காரர் வாளியோடு ஓடி வந்து என்னையும் நனைத்துவிட்டார். இன்ஷிரா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதுதான் எனக்கு வலித்தது.

ஆகவே மருமகன், நான் தோற்றுவிட்டேன். தாங்கள் கொன்ட்ராக்டில் கையெழுத்து வைத்துவிடுங்கள். திங்கட்கிழமை பழைய இரும்புக்காரன் வருகிறான். இன்ஷிராவிடம் நான் சொல்லவில்லை, எனக்குத் தைரியமில்லை, நீங்களே சொல்லிவிடுங்கள்.

அல்லாஹ் தங்களுக்கு நீண்ட ஹயாத்தையும், பெற்றோலுக்கும் பற்றறிக்கும் வித்தியாசம் அறியும் பாக்கியத்தையும் தருவானாக. மாமியின் ஸலாமும் சேர்ந்து வருகிறது.

இப்படிக்கு,
தங்கள் மாமா,
அசனார்.

பி.கு.: சனிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் எழுதுகிறேன். அஹமட் வாசலில் நிற்கிறான். மருமகன், வண்டி ஓடிற்று! றிஸான் வேறு பெல்ட்டோடு வந்து, ஸ்டாட்டர் வயரையும் கழற்றிப் பூட்டினான். ஒரு சின்னக் குறை, பின்னுக்கு மட்டும்தான் ஓடுகிறது. இந்த இன்ஜின், ஸ்டாட்டர் சுற்றும் பக்கத்துக்குத்தான் சுற்றுமாம், அவன் வயரை மாறிப் பூட்டிவிட்டான். இப்போது மாற்றித் தருகிறேன் என்று நிற்கிறான், நான் தொட விடவில்லை, தொட்டால் நின்றுவிடும். பின்பக்கம் பார்த்த சீட்டில் இன்ஷிராவையும் நிஸ்மியாவையும் ஏற்றிக்கொண்டு பள்ளிவாசல் சந்தி வரைக்கும் பின்னுக்கே போய் வந்தேன். கழுத்து இன்னும் நேராகவில்லை. சந்தியில இருந்த அவ்வளவு பேரும் எழும்பி வழி விட்டாங்க. இன்ஷிரா சிரிச்ச சிரிப்பு இருக்கே மருமகன், நீங்க போன நாள்ல இருந்து நான் அதக் கேக்கல்ல. மேல எழுதின ஒண்டையும் வாசிக்க வேணாம். கையெழுத்து வைக்காம வாங்க.