சயாமம்மா வீட்டு வியாழக்கிழமை

"இப்பத் தெரியுதா?" கூரை மேல் நின்று கேட்டான் இஞ்ஞாசிமுத்து.

"ஒரே மழையா பெய்யுது," என்றாள் கேதரின் உள்ளேயிருந்து.

"இங்க வெயிலு அடிக்குதேம்மா."

"டிவியில பெய்யுதுங்க."

முந்தின நாள் காற்றில் ஏரியல் கட்டியிருந்த மூங்கில் எந்தப் பக்கமோ திரும்பிவிட்டது. அன்று வியாழக்கிழமை. குத்துச்சண்டை காட்டுகிற நாள். சயாம் எல்லையை ஒட்டி, ஜித்ராவுக்கு வடக்கே இருந்த அந்தக் கித்தாத் தோட்டத்து லயத்தில் டிவி வைத்திருந்தவன், ரப்பர்ப் பால் லோரி ஓட்டும் இஞ்ஞாசிமுத்து ஒருவன்தான். அந்தக் கறுப்பு வெள்ளைப் பெட்டியை அவன் வாங்கியதே இரண்டு பேர் அடித்துக்கொள்வதைப் பத்திரமான இடத்திலிருந்து பார்க்கத்தான். மற்றபடி அவன் பயந்த சுபாவம்.

மூங்கிலை இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"நிறுத்துங்க. ஒரு பொம்பள தெரியறா."

"எந்தப் பொம்பள?"

"யாருன்னு தெரியல. அழகா இருக்கா. எறங்கி வாங்க."

இறங்கி வந்து பார்த்தான். பெட்டிக்குள் இலவம்பஞ்சு பறக்கிற மாதிரி புள்ளிகள் பறந்தன. அதற்கு நடுவில் ஒரு பெண். பின்னால் ஒரு வீடு, சில மரங்கள். அவள் அவசரமில்லாமல் சிரித்துப் பேசினாள். பேச்சு பாட்டு மாதிரி இழுத்து இழுத்து வந்தது. சயாம் பாஷை. கோலாலம்பூரைப் பார்க்க வேண்டிய ஏரியல் எல்லையைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குள் லயத்துப் பெண்கள் வந்து பாயில் உட்கார்ந்துவிட்டார்கள். மருதம்மாள் வழக்கம்போல முன்வரிசையில் வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். புல்வெட்டுக் கும்பலில் வேலை. ஜப்பான்காரன் காலத்தில் ரயில் போடப் போன குடும்பத்தில் திரும்பி வந்தவள் அவள் ஒருத்திதான், அதிகம் பேசமாட்டாள். பாப்பம்மா வாசல் ஓரமாக இருந்தாள். புருஷன் இருளப்பன் கூப்பிட்டால் உடனே எழுந்து ஓடுவதற்கு அதுதான் வசதி.

"என்னாத்தப் பேசறா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பிரேமாவதி.

"அவரக் கேளு. ஹாட்யாய்க்கு லோரி ஓட்டினவரு. சயாம் பாஷ தண்ணி பட்ட பாடு," என்றாள் கேதரின், கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்தி.

இஞ்ஞாசிமுத்து பெட்டி மேலிருந்த தூசியைத் துடைக்கத் தொடங்கினான். செமிலிங்கில் கேதரினைப் பெண் பார்க்கப் போனபோது மாமனாரிடம் அவிழ்த்துவிட்ட கதை அது. உண்மையில் அவன் ஒரே தடவைதான் போயிருந்தான், அதுவும் லோரிக்குக் கையாளாக. போன நேரமெல்லாம் மூட்டை மேல் படுத்துத் தூங்கினான். சோற்றுக்குச் சயாமில் என்ன என்பது மட்டும் தெரியும். அந்தப் பெண் அந்தச் சொல்லைச் சொல்கிறவளாகத் தெரியவில்லை.

"சும்மா சொல்லுங்கலா," என்றாள் பிரேமாவதி.

சொன்னான். அவனுக்குத் தெரிந்த ஒரே கதையைச் சொன்னான். "இவ புருசன் குடிகாரன். தெனம் வந்து இவளப் போட்டு அடிக்கிறான். அதச் சொல்லி அழுவுறா."

"சிரிச்சுக்கிட்டுல்ல பேசறா?" என்றாள் கேதரின்.

வாசல் பக்கமிருந்து பாப்பம்மா மெதுவாகச் சொன்னாள். "அடி வாங்கின மொகம் அப்படி இருக்காதுண்ணே."

பாப்பம்மா முக்காட்டை இழுத்துக் கன்னத்தை மூடிக்கொண்டாள். இஞ்ஞாசிமுத்துவுக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"சரியா காதுல விழல," என்று பெட்டிக்கு அருகில் போய்க் குனிந்தான். "புருசன் கப்பல்ல போயிருக்கான். இவ தனியா வீட்டப் பாத்துக்கறா. கவலப்படாதீங்க, எனக்கு ஒரு கொறையும் இல்லன்னு சொல்றா."

"அப்படிச் சொல்லுங்க," என்றாள் கேதரின். பாயில் இருந்த பெண்கள் கால் நீட்டி வசதியாக உட்கார்ந்தார்கள்.

அந்த நேரம் பார்த்துப் பெட்டிக்குள் இருந்த அந்தச் சயாமம்மா குனிந்து, துணியில் சுற்றிய எதையோ தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். பஞ்சுக்கு நடுவில் கொழுகொழுவென்று வெள்ளையாக ஏதோ நெளிந்தது. அவள் அதன் வாயில் ஒரு குப்பியை வைத்தாள்.

"பச்சப் புள்ளலா," என்றாள் பிரேமாவதி உருகி.

"புள்ளதான்," என்றான் இஞ்ஞாசிமுத்து. ஒரு பொய்யைச் சமாளித்த நிம்மதியில் அடுத்ததைச் சொல்வது அவ்வளவு கடினமாக இல்லை.

மறுவாரத்துக்குள் இந்த வம்பை முடித்துவிட நினைத்தான். புதன்கிழமை யாருக்கும் தெரியாமல் கூரை ஏறி, மூங்கிலைக் கோலாலம்பூர் பக்கம் திருப்பிக் கட்டினான். வியாழக்கிழமை பெண்கள் முன்னைவிட அதிகமாக வந்தார்கள். பெட்டியில் குத்துச்சண்டைக்கு முன்னால் ஒரு பழைய படம் ஓடியது. ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் ஒரு அண்ணன்காரன் தங்கையைக் கன்னத்தில் அறைந்தான். அவள் சுழன்று போய்த் தூணில் விழுந்தாள்.

பெண்கள் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கேதரின் கையிலிருந்த கரண்டியால் கூரையைக் காட்டினாள்.

அவன் ஏறித் திருப்பினான். இந்தத் தடவை சயாமம்மா போன வாரத்தைவிட அதிகப் பஞ்சுக்குள் வந்தாள். முகம் தெரியும், மறையும், மறுபடி தெரியும். பார்க்கப் பார்க்கத் தூக்கத்தில் காண்கிற வீடு மாதிரி இருந்தது. அந்த வீட்டில் யாரும் சத்தம் போடவில்லை. யாரும் எதையும் தூக்கி எறியவில்லை. ஆண்கள் வந்தார்கள், தொப்பியைக் கழற்றினார்கள், அவள் சொன்னதைத் தலையை ஆட்டிக் கேட்டார்கள். ஒருவன் அவள் முன்னால் மண்டியே போட்டுவிட்டான்.

"ஏன் மண்டி போடறான்?" எல்லாரும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"அவன் இவளோட கொழுந்தன்," என்று ஆரம்பித்தான் இஞ்ஞாசிமுத்து. அதற்கு மேல் யோசிக்கவில்லை, தானாக வந்தது. "என்னிக்கோ இவ மேல கை ஓங்கிட்டானாம். இப்ப மன்னிப்புக் கேக்கறான். இவ சொல்றா, 'என் வீட்டுக்குள்ள வர்றவன் கைய எறக்கிக்கிட்டு வரணும்'னு."

பாப்பம்மா அதை வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள்.

அதற்குப் பிறகு வாரத்துக்கு வாரம் சிக்கல்தான். பிள்ளை ஒரு வாரம் சின்னதாகவும் ஒரு வாரம் பெரிதாகவும் தெரிந்தது. "வளர்ற புள்ளதானே," என்று சமாளித்தான். ஒரு வியாழக்கிழமை சயாமம்மா முன்னால் ஏழெட்டுப் பிள்ளைகள் வரிசையாகப் படுத்துக் கிடந்தன.

"புருசன் கப்பல்ல இருக்கான்னீங்களே?" என்றாள் கேதரின் சந்தேகமாக.

"எல்லாம் அநாதப் புள்ளைங்க. இவதான் எடுத்து வளக்கறா."

பெண்களுக்குக் கண் கலங்கிவிட்டது. பிரேமாவதி மூக்கை உறிஞ்சினாள். மருதம்மாள் மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். வெற்றிலைச் சாறு சட்டையெல்லாம் ஒழுகியது. வயதாகிறது, பாவம் என்று நினைத்துக்கொண்டான் இஞ்ஞாசிமுத்து.

குத்துச்சண்டையை அவன் மறந்தே போனான். பால் லோரியைக் கித்தா மரங்களுக்கு நடுவே ஓட்டிப் போகும்போது காலைப் பனியில் அந்த வீடுதான் தெரிந்தது. அடுத்த வாரம் சயாமம்மா என்ன சொல்வாள் என்று அவனே ஆவலாக யோசித்தான். அவனுடைய அப்பா வீட்டுக்கு வரும் செருப்புச் சத்தம் கேட்டாலே அம்மா அடுப்படிக்குள் போய்விடுவாள். அந்தச் சயாம் வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருக்க அவனுக்கு ஆசையாக இருந்தது.

சம்பள நாளுக்கு மறுநாள், பால் கொட்டகை வாசலில் இருளப்பன் அவனுடைய லோரியை மறித்தான். ரப்பர் காயவைக்கும் புகைக்கூடத்தில் விறகுக் கட்டை தூக்குகிற ஆள். ஒவ்வொரு கையும் ஒரு கட்டை கனம் இருக்கும்.

"யோவ் இஞ்ஞாசி, எறங்கு."

"லோரியில பால் இருக்குப்பா. கெட்டியாயிரும்."

"நேத்து ராத்திரி நான் மாட்டுக் கொட்டாயில படுத்தேன், தெரியுமா? எம் பொண்டாட்டி கதவச் சாத்திட்டா. 'கைய எறக்கிக்கிட்டு வந்தா வாங்க, இல்லன்னா அங்கயே நில்லுங்க'ன்னு உள்ளருந்து பேசறா. யாரு சொல்லிக் குடுத்ததுன்னு கேட்டா, சயாமம்மாங்கறா. எவ அவ?"

"அது நாடகம்லா. நான் என்ன பண்ணட்டும்?"

"நீதான சொல்ற. இந்த வாரம் அவ புருசன் கப்பல விட்டு வர்றான். வந்து நாலு போடு போடறான். அவ கால்ல விழறா. கேட்டுச்சா?"

இஞ்ஞாசிமுத்து இருளப்பனுடைய கைகளைப் பார்த்தான். "கேட்டுச்சு," என்றான்.

வியாழக்கிழமை வந்தது. பாப்பம்மா இப்போதெல்லாம் வாசல் ஓரத்தில் உட்காருவதில்லை. மருதம்மாளுக்குப் பக்கத்தில் முன்வரிசையில் இருந்தாள். இருளப்பன் வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். பின்னால் இன்னும் சில ஆண்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். இஞ்ஞாசிமுத்து பெட்டிக்குப் பக்கத்தில் போய் நின்றான். அடித்தான் என்று சொன்னால் இன்றைக்கே பாப்பம்மா வீட்டுக் கதவு திறந்துவிடும். அடிக்கவில்லை என்று சொன்னால் இருளப்பன் தன்னைச் சும்மா விடமாட்டான்.

பஞ்சு விலகியது. சயாமம்மா வந்தாள். கூடவே தொப்பி போட்ட புது ஆள் ஒருவன் வந்தான். அவன் கையில் நீளமாக ஏதோ இருந்தது. தடி மாதிரி தெரிந்தது. பேசிக்கொண்டே அதை மேலே தூக்கினான்.

பெண்கள் மூச்சு விடவில்லை. பாப்பம்மா தன்னையறியாமல் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"புருசன்தான அது?" என்றான் இருளப்பன். "சொல்லு. அடிக்கப் போறான்ல?"

இஞ்ஞாசிமுத்து பாப்பம்மாவின் அந்தக் கையைப் பார்த்தான். சொல்லத் தயார் செய்து வைத்திருந்ததை விட்டுவிட்டான். அவன் வாழ்நாளில் தைரியமாகச் செய்த காரியம் அதுவரை கூரை ஏறியது ஒன்றுதான்.

"புருசன்தான்," என்றான். "ஆனா அடிக்க மாட்டான். 'கைய எறக்குங்க, எறக்கிட்டுப் பேசுங்க'ன்னு சொல்றா அவ."

அவன் சொல்லி முடிக்கவும், பெட்டிக்குள் இருந்த ஆள் தடியை இறக்கிக் கீழே வைக்கவும் சரியாக இருந்தது. சயாமம்மா சிரித்தாள். பாயில் இருந்தவர்கள் எல்லாரும் மூச்சை விட்டார்கள்.

"பொய்யி," என்று உள்ளே வந்தான் இருளப்பன். "இவனுக்குச் சயாமும் தெரியாது, ஒரு மண்ணும் தெரியாது. எல்லாம் இவன் கட்டி விடறது. நாளைக்கே ஒரு சயாம்காரனக் கூட்டியாந்து கேட்டுப் பாப்போம்."

கேதரின் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். இஞ்ஞாசிமுத்து தரையைப் பார்த்தான். தன் மானம் போவது அவனுக்குப் பெரிதாகப் படவில்லை. அந்த வீடு இடிந்துவிடுமே என்றுதான் துக்கமாக இருந்தது.

"எதுக்கு வெளிய போயித் தேடற?" என்றாள் மருதம்மாள்.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அவள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கினாள்.

"ரயில் போடன்னு எங்கள இழுத்துட்டுப் போனது எங்கன்னு நெனச்ச? சயாமுக்குத்தான். அப்பா அம்மாவ அங்கயே பொதச்சிட்டு, சண்ட முடியற மட்டும் ஒரு சயாம்காரி வீட்டுலதான் கெடந்தேன். அந்தப் பாஷ எனக்குத் தெரியும்." பெட்டியைப் பார்த்துக் கையை நீட்டினாள். "இஞ்ஞாசி ஒரு சொல்லு விடாம சரியாத்தான் சொல்லுது."

இருளப்பன் அவளைப் பார்த்தான். பிறகு பாயைப் பார்த்தான். நீல வெளிச்சத்தில் அத்தனை பெண்களும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் நின்ற ஆண்கள் மெல்ல நழுவிக்கொண்டிருந்தார்கள்.

"வீட்டுக்கு வா," என்றான் பாப்பம்மாவிடம், பாதிக் குரலில்.

"நீங்க கைய எறக்கிக்கிட்டு முன்னால போங்க," என்றாள் பாப்பம்மா. "நாடகம் முடியட்டும், நான் வர்றேன்."

அப்போதுதான் தன் கை ஓங்கியபடி இருப்பதை இருளப்பன் கவனித்தான். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கால்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு போனான். கேதரின் எழுந்து போய்ப் புருஷனுக்கு மட்டும் ஒரு கோப்பைத் தேத்தண்ணி கலந்து வந்தாள். பாலும் சீனியும் அதிகமாகவே போட்டிருந்தாள்.

இஞ்ஞாசிமுத்துவுக்குத் தேத்தண்ணி இறங்கவில்லை. சரியாகச் சொன்னேனா? ஒரு சொல் விடாமலா? பெந்தகொஸ்து நாளில் அப்போஸ்தலர்கள் தெரியாத பாஷையெல்லாம் பேசியதாகச் சாமியார் பூசையில் சொன்னது ஞாபகம் வந்தது. பரிசுத்த ஆவி தன் வீட்டு ஏரியல் வழியாக இறங்கியிருக்குமோ என்று நினைத்தான். உடம்பு சிலிர்த்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை பெரிய மெழுகுவர்த்தியாக ஒன்று ஏற்ற வேண்டும்.

பெண்கள் கலைந்தார்கள். வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மருதம்மாளிடம் ஓடினான்.

"அக்கா, நெசமாவே அந்தம்மா நான் சொன்னதத்தான் சொன்னாங்களா?"

மருதம்மாள் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு வெற்றிலையைத் துப்பினாள்.

"அவ பன்னிக்குட்டிக்குப் பூச்சி மருந்து ஊத்தச் சொல்லிக் குடுக்கறா தம்பி, அடுத்த வாரம் கோழிக் கழிச்சலாம், அதுக்கேத்த மாதிரி நல்ல கதையா யோசிச்சு வையி."