முழுசாகப் பார்த்தவன் மூஞ்சி

"...தியேட்டர்ல உக்காந்து இத முழுசாப் பாத்தவன் எவனாவது இருந்தா, அவன் மூஞ்சிய நான் ஒரு தடவ பாக்கணும் தம்பி" என்றார் நசீர் பாய், ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு.

என் மனைவி கவிதா என் காலை மிதித்தாள். வாயைத் திறக்காதே என்று அதற்கு அர்த்தம். கல்யாணமான நாளிலிருந்து மிதிக்கிறாள். நேரத்துக்கு ஒரு தடவைகூட எனக்குப் புரிந்ததில்லை.

"பாத்துக்குங்க பாய்" என்று முகத்தைக் கொஞ்சம் முன்னால் நீட்டினேன். "மூணு தடவ பாத்த மூஞ்சி."

(மூன்றாவது தடவை அரங்கத்தில் நான் மட்டும்தான். ஏ.சி.யை அணைத்துவிட்டார்கள்.)

நாங்கள் அங்கே போனது சினிமா பேச அல்ல, வீடு கேட்க. அடையாறில் குடியிருந்த வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். சென்னையில் வீடு பார்ப்பது பெண் பார்ப்பது மாதிரிதான்; என்ன, பஜ்ஜி மட்டும் கிடையாது. ஒரு வீட்டுக்காரர் நாங்கள் மீன் சாப்பிடுவோம் என்றதும் எழுந்துவிட்டார். பெசன்ட் நகரில் ஒரு அம்மா, சுவரில் ஆணி அடிப்பீர்களா என்று கேட்டார். காலண்டருக்கு ஒன்றே ஒன்று என்றேன். அதோடு அந்த வீடும் போயிற்று.

கடைசியில் மயிலாப்பூரில் நசீர் பாய் வீட்டு மாடி அமைகிற மாதிரி இருந்தது. நல்ல காற்று. கவிதா வேலை பார்க்கும் பள்ளிக்கு ஒரே பஸ். பாய் தி.நகரில் பித்தான், லேஸ், நூல்கண்டு எல்லாம் விற்கும் கடை வைத்திருந்தவர். மீனைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான்: கழுவின தண்ணீரை வாசலில் ஊற்றாதீர்கள், பூனை வருகிறது. கவிதா அப்போதே எந்த ஜன்னலுக்கு எந்தத் திரை என்று மனசுக்குள் மாட்டத் தொடங்கிவிட்டாள்.

வீட்டு புரோக்கர் ஒரே ஒரு எச்சரிக்கைதான் தந்திருந்தார். அரசியல் பேசலாம், கிரிக்கெட் பேசலாம், பாயிடம் சினிமா மட்டும் வேண்டாம். தொழுகை தவறாத மனிதர், சினிமா பிடிக்காது போலிருக்கிறது என்று நானாக முடிவு கட்டினேன். (நானாக முடிவு கட்டுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு.) ஆனால் உள்ளே போனால் டிவி ஓடிக்கொண்டிருக்கிறது, பாய் சேனல் சேனலாகப் படம் மாற்றிக்கொண்டிருக்கிறார். சரி, புரோக்கருக்கு விவரம் போதாது என்று அடுத்த முடிவையும் கட்டிவிட்டேன். அந்தச் சமயம் பார்த்து, கண் சிமிட்டும் நேரத்துக்கு அந்தப் படம் வந்து மறைந்தது.

அதை வையுங்கள் பாய், அருமையான படம், ஒருத்தருக்கும் அருமை தெரியவில்லை என்று நான் பதறியதற்குத்தான் அவர் அந்த மூஞ்சி வசனத்தைச் சொன்னார்.

படத்தின் பெயரை எழுத மாட்டேன். பாய்க்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். குப்பத்துப் பையன் ஒருவன் கடலுக்குப் போக மறுக்கும் கதை. வெள்ளிக்கிழமை வந்தது, திங்கட்கிழமை இல்லை.

ஊர் கைவிட்ட படத்தின் மேல் எனக்கு எப்போதும் ஒரு பாசம். இடைவேளையில் பாப்கார்ன் வரிசையில் நின்றபடி ஒருவன் 'மொக்கை' என்று செல்போனில் தட்டிவிடுகிறான். அதைப் படித்தவன் படத்தைப் பார்க்காமலே 'படு மொக்கை' என்கிறான். மூன்றாவது ஆள் டைரக்டரின் குடும்பத்தையே இழுக்கிறான். பார்த்துவிட்டாவது திட்டுங்களேன் என்பதுதான் என் கட்சி. பாதியில் நிறுத்தப்பட்ட சீரியலுக்காக சேனலுக்குப் போன் போட்டு நியாயம் கேட்டவன் நான். ஆழ்வார்பேட்டை டீக்கடையில் என் நண்பன் சேகர் சொல்வான்: "மச்சி, நீ ஆஸ்பத்திரில வேலைக்குப் போயிருக்கணும். உசுரு போனதுக்கும் நாடி புடிச்சுப் பாக்குறியே."

பாய் என் முகத்தைச் சும்மா ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்டி இன்னா கீது அதுல?" என்று கேட்டார்.

கேட்டிருக்கக் கூடாது. நான் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டேன்.

முதலில் சட்டை. பையன் அம்மாவிடம் பேசும் காட்சியில் நீலச் சட்டை போட்டிருப்பான். அம்மா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பதற்குள் அது கட்டம் போட்ட பச்சைச் சட்டையாகிவிடும். ஊரே இதைச் சொல்லிச் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. நீலம் கடல், பச்சை கரை. அந்த ஒரு கணத்தில் அவன் மனசுக்குள் கரையேறிவிட்டான் என்று பாய்க்கு விளக்கினேன். பச்சைச் சட்டை தொளதொளவென்று இருக்கிறதே, அதுகூடப் புது வாழ்க்கை அவனுக்கு இன்னும் பொருந்தவில்லை என்பதைக் காட்டத்தான் என்றேன்.

அடுத்து நாய். படகுக்குப் பக்கத்தில் ஒரு நாய் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். வசனம் இல்லை, இசை இல்லை, நாயும் அசையாது. தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் எழுந்து போனது அங்கேதான். அது நாயில்லை பாய், கடலுக்குப் போனவர் வருவாரா என்று காத்திருக்கும் ஒரு குடும்பம் என்றேன். கவிதா இரண்டு காலையும் சேர்த்து மிதித்தாள்.

பாய் டிவியை அணைத்தார்.

"நீலச் சட்டை அந்தப் பையனோட சொந்தச் சட்டை. பாதி ஷூட்டிங்ல கோச்சிக்கினு போயிட்டான். கெஞ்சிக் கூட்டியாந்தோம். அவன் வந்தான், சட்டை வரல. மீதிக்கு என் சட்டையத்தான் கழட்டிக் குடுத்தேன். ஊரூர் குப்பத்துல அத்தினி பேர் முன்னாடி பனியனோட நின்னுக்கினு இருந்தேன்."

எனக்கு இன்னும் விளங்கவில்லை. (கவிதாவுக்கு விளங்கிவிட்டது. கண்ணை மூடிக்கொண்டாள்.)

"அப்ப அந்த நாய்?" என்றேன்.

"கேமராமேன் டீ குடிக்கப் போனான். ஆஃப் பண்ண மறந்துட்டான். படம் நீளம் பத்தலன்னு அதையும் சேத்துட்டானுங்க."

பிறகு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, "இந்த மாடி ஏன் வாடகைக்கு வருதுன்னு நெனச்சீங்க? அந்தப் படம் ஓடியிருந்தா நான் ஏன் தம்பி குடி வெக்கிறேன்?" என்றார்.

படத்துக்குப் பணம் போட்டதில் கடை போயிற்று, மனைவியின் வளையல்கள் போயின என்று ஏற்ற இறக்கம் இல்லாமல் சொன்னார். அதற்குப் பிறகு இந்த வீட்டில் யாரும் அந்தப் படத்தின் பேச்சை எடுப்பதில்லையாம். வீடு கேட்டு வந்தவர்களில் சிலர் எப்படியோ விஷயம் தெரிந்துகொண்டு, படம் பிரமாதம் பாய் என்று ஐஸ் வைத்திருக்கிறார்கள். அவர்களை அப்படியே கேட்டுக்கு வெளியே அனுப்பியிருக்கிறார். "நீங்களும் அந்தக் கோஷ்டிதானா?" என்று என்னைக் கேட்டார்.

கொஞ்சம் புத்தி உள்ளவன் அங்கே மன்னிப்புக் கேட்டிருப்பான். கவிதா கேட்கத்தான் வாயெடுத்தாள். நான் முந்திக்கொண்டேன்.

"இருக்கலாம் பாய். ஆனா கேமராமேன் டீ குடிச்சதுக்கு நாய் என்ன பண்ணும்? அது நல்லாத்தான் உக்காந்திருந்துச்சு."

சமையலறையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. பாயின் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்து வாசல்படியில் நின்றார். "கரையேறிட்டானாம்" என்றார் பாயைப் பார்த்து. அதற்கு மேல் பேச முடியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உங்க தொளதொள சட்டையப் போட்டுக்கினு கரையேறிட்டானாம்."

(இன்றைக்கும் நான் கொஞ்சம் பெரிய சட்டையாகப் போட்டுவிட்டால் போதும், "என்ன, கரையேறிட்டீங்களா?" என்று கேட்கிறாள் கவிதா. என் மாமியார் ஊரிலிருந்து போனில் கேட்கிறார். படத்தைப் பார்க்காத சொந்தக்காரர்கள்கூடக் கேட்கிறார்கள்.)

பாய் சிரிக்கவில்லை. மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் படத்தின் பேச்சில் அந்த அம்மா சிரித்து அவர் பார்த்ததே இல்லை போலும். அப்புறம் எழுந்து உள்ளறைக்குப் போனார். கதை முடிந்தது என்று கவிதா கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். நான் செருப்பு எங்கே என்று வாசல் பக்கம் எட்டிப் பார்த்தேன்.

பாய் திரும்பி வந்தபோது மூக்குக்கண்ணாடி போட்டிருந்தார். நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துணியில் எங்கே பழுது என்று தேடுவது மாதிரி என் மூஞ்சியை நெற்றியிலிருந்து தாடை வரை நிதானமாகப் பார்த்தார். பிறகு எழுந்துபோய், சுவரில் காலண்டர் தொங்கிய ஆணியிலிருந்து மாடிச் சாவியை எடுத்து, என்னைத் தாண்டிக் கை நீட்டி, கவிதாவிடம் கொடுத்தார்.